யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு முன்னால் சுவிஸ் வைன்கள்

சுவிஸில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு எதற்குப் போனாலும் மேசையில் நிற்கிற போத்தல்கள் மாறுவதில்லை. ஒரு பிளாக் லேபிள், ஒரு பெட்டி பியர், அதோடு கோப் கடையில் அக்சியோனில், அதாவது மலிவு விற்பனையில், பாதி விலைக்குப் போட்டிருந்த ஏதாவது ஒரு பிரெஞ்சுப் போர்தோ அல்லது ஸ்பானிய ரியோஹா. சுவிஸ் வைனைக் கண்ணிலும் காண முடியாது. கேட்டால், "அது விலை கூட, ருசியும் இல்லை" என்பார்கள். விலை கூட என்பது உண்மை. ருசி இல்லை என்பதைத்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் சில பேர் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். விதி ஒன்றுதான்: போத்தல் இந்த நாட்டினதாக இருக்க வேண்டும், சாப்பாடு எங்கள் வீட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும். எந்தச் சீஸுக்கு எந்த வைன் என்று வெள்ளைக்காரர் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், உறைப்பு நண்டுக் கறிக்கு முன்னால் எது நிற்கும் என்பதை நாங்களேதான் குடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் என்றால் பெர்ன் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கூட்டம். என்னைப் போல ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றே தலை நரைத்த ஒரு அண்ணை, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா (எங்களுக்குள் நல்ல மூக்கு அவருக்குத்தான்), இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. தம்பி எதைக் குடித்தாலும் முதலில் போனைத் திறந்து அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பான். அக்கா அவன் கையில் இருந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஊற்றுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தப் போத்தல்கள் அனேகமாகக் கிடைக்காது. சுவிஸ் தன் வைனில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கைத்தான் வெளியே விற்கிறது, மிச்சம் முழுவதையும் உள்ளூர்க்காரரே குடித்து முடித்துவிடுகிறார்கள். அப்படியிருந்தும் அது போதாமல் வெளியில் இருந்து இறக்குமதி செய்கிறார்கள். இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு நாங்கள் ஏன் தொடாமல் இருக்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

முதல் போத்தல் ஜனவரியில், பொங்கலை ஒட்டித் திறந்தது. நொசத்தல் மாநிலத்தில் ஷஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையில் செய்கிற, வடிகட்டாத ஒரு வைன் உண்டு, பெயரே 'நோன் ஃபில்த்ரே'தான். ஒவ்வொரு வருடமும் ஜனவரியின் மூன்றாவது புதன்கிழமைதான் அதை விற்பனைக்கு விடுவார்கள். புது அறுவடையில் இருந்து சுவிஸ் சந்தைக்கு வருகிற முதல் வைன்களில் அதுவும் ஒன்று. போத்தலை மெதுவாக ஒருமுறை தலைகீழாகச் சாய்த்து, அடியில் இருக்கிற மண்டியைக் கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றினால் கலங்கலாக, வெள்ளையாக, நுனி நாக்கில் மெல்லச் சுள்ளென்று கடித்துக்கொண்டு வரும். அண்ணை ஒரு வாய் வைத்துவிட்டு, "டேய், இது விடியக் காலையில் இறக்கின கள்ளடா" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நுரைத்த மாவின் மணம், தோடம்பழத் தோலின் மணம், அடியில் கொஞ்சம் கசப்பு. உழுந்து வடையோடும் கடலைச் சுண்டலோடும் போத்தல் எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. பதின்மூன்று, பதினான்கு பிராங்குக்கு வாங்கலாம். ஆனால் வாங்கி வைக்கக் கூடாது, இளமையிலேயே குடித்துவிட வேண்டிய சாமான். கோடைவரை வைத்திருந்தால் அந்தச் சுள் போய்விடும்.

அடுத்து லவோ. லொசானில் இருந்து வெவே பக்கம் ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ஒரு பக்கம் லெமான் ஏரி, மறுபக்கம் மலையில் படிப்படியாகக் கல் மதில் கட்டி அடுக்கிய திராட்சைத் தோட்டங்கள். நடுக்காலத்துத் துறவிகள் தொடங்கி வைத்த வேலை அது, 2007 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. அங்கே மூன்று சூரியன் என்று சொல்வார்கள். வானத்தில் இருப்பது ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகல் முழுக்கச் சூடேறி இரவில் அந்தச் சூட்டை விடுகிற கல் மதில் ஒன்று. சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் பல இடங்களில் கூடை சுமக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற குட்டி வண்டிகளைப் போட்டிருக்கிறார்கள். இந்த மதில்களைப் பழுது பார்த்து, கையால் பறித்து, சுவிஸ் சம்பளமும் கொடுத்து ஒருவர் வைன் செய்தால் அதை ஏழு பிராங்குக்கு எப்படி விற்பார்? விலை கூட என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒருமுறை அந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

அங்கே பயிராவதும் பெரும்பாலும் அதே ஷஸ்லாதான். அது கத்திப் பேசாத திராட்சை. புளிப்புக் குறைவு, மணம் குறைவு, அற்ககோலும் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். முதல்முறை குடிக்கிறவர்கள் தண்ணீர் என்று சொல்வது இதனால்தான். தம்பியும் அதையே சொன்னான், போனில் இருந்த யாரோ ஒருவரும் அவனுக்குச் சாட்சி சொன்னார். லவோவில் இருக்கிற எப்பெஸ் ஊர்ப் போத்தல் ஒன்று, அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த எகிள் லே மூராய், பச்சைப் பல்லி ஒட்டியிருக்குமே, ஒன்றி பதூ என்கிற வீட்டாருடையது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தோம். பல்லிப் போத்தல் லவோ அல்ல, அதற்கும் கிழக்கே ஷப்லே பகுதி. எப்பெஸ் மெல்லியது, ஈரக் கல்லும் எலுமிச்சைப் பூவும் போல ஒரு மணம். பல்லிப் போத்தலில் உடம்பு, அதாவது வாயில் தெரிகிற கனம், கொஞ்சம் கூட, கடைசியில் ஒரு நல்ல கசப்பு. ஆனால் இருபது பிராங்கைத் தாண்டிக் கொடுப்பதில் பாதி அந்தப் பல்லிக்குத்தான் போகிறது என்பது என் கருத்து. அதே காசுக்கு ஊர் பெயர் போட்ட சின்னத் தயாரிப்பாளர் போத்தல் இதைவிட நன்றாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் சாப்பாடு முக்கியமாகிறது. இடியப்பமும் சொதியும் வைத்து ஷஸ்லாவைக் குடித்துப் பாருங்கள். தேங்காய்ப்பாலின் இனிப்பையும் கொழுப்பையும் அது குழப்பாமல் கூடவே நடக்கும், கடைசியில் விட்ட தேசிக்காய்ப் புளி வைனையும் கொஞ்சம் எழுப்பிவிடும். ஆனால் அதே வைனைப் புளி விட்ட மீன் குழம்போடு குடித்தால் செத்துப் போகும். காரணம் எளிது. சாப்பாட்டில் புளிப்பு ஏறினால் வைனில் இருக்கிற புளிப்பு நாக்குக்குத் தெரியாமல் போகும். ஷஸ்லாவில் இருப்பதே கொஞ்சம், அதுவும் போனால் மிச்சம் உண்மையாகவே தண்ணீர்தான். எங்கள் ஆட்கள் ஷஸ்லா ருசி இல்லை என்று சொல்வதற்கு இந்தப் புளிக் குழம்புதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

டெசலேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். லவோவுக்குள்ளேயே ஐம்பது எக்டேயருக்குச் சற்று மேலான நிலம், அங்கே கிரான் குரு என்று உயர்தரப் பட்டம் பெற்ற இரண்டு இடங்களில் ஒன்று, மற்றது கலமான். அண்ணையின் பழைய முதலாளி ஓய்வு பெற்றபோது கொடுத்த ஒரு டெசலே, லூயி பொவார் என்கிற தயாரிப்பாளரின் மெதினெத், பத்து வருடத்துக்கு மேல் பழையது, அவருடைய நிலவறையில் கிடந்தது. பழைய ஷஸ்லா செத்திருக்கும் என்று பயந்துகொண்டே திறந்தோம். நிறம் பொன்னாகியிருந்தது. தேன்மெழுகு, வறுத்த கஜு, காய்ந்த அப்பிள், எல்லாவற்றுக்கும் கீழே உப்புக் கல்லை நக்கியது போல ஒரு முடிவு. அக்கா இதற்குச் சாப்பாடே வைக்கவிடவில்லை. வெறும் வாயில் குடித்தோம். இதைக் குடித்த பிறகு ஷஸ்லாவில் ஒன்றும் இல்லை என்று தம்பி சொல்வதை நிறுத்திவிட்டான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், இளம் டெசலேயை முப்பது பிராங்கு கொடுத்து வாங்கி அன்றைக்கே திறப்பதில் அர்த்தமில்லை. வைக்க இடமும் பொறுமையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சரி, நண்டுக்கு வருவோம்.

இந்தக் குளிர்காலத்தின் உண்மையான கண்டுபிடிப்பு பெதீத் ஆர்வின். வலே மாநிலத்தின் சொந்த வெள்ளைத் திராட்சை, 1602 ஆம் ஆண்டுப் பதிவிலேயே அதன் பெயர் இருக்கிறது. பிந்திப் பழுக்கும், நல்ல வெயில் படுகிற சரிவு வேண்டும், காற்றடித்தால் தாங்காது. ஃபுய்யி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. மரி-தெரேஸ் ஷப்பாஸ் என்ற புகழ்பெற்ற வைன் தயாரிப்பாளரின் இடமும் அதுதான், அவருடைய போத்தல்கள் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டும் முன்பே முடிந்துவிடுகின்றன. நாங்கள் குடித்தது புரோவான் என்கிற வலே வைன் நிறுவனத்தின் மேத்ர் து ஷே வரிசையில் ஒன்று, ஃபுய்யியின் சின்ன வீட்டுத் தயாரிப்பு ஒன்று. இரண்டிலும் பம்பளிமாசு மணம் முதலில் வரும், பிறகு ஒரு பூ, கடைசியில் உப்பு. கடல் காற்றில் உதட்டை நக்கினால் வருமே, அந்த உப்பு. கடலே இல்லாத நாட்டில் இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் பதில் இல்லை, நண்டு இருந்தது.

தமிழ்க் கடையில் வாங்கிய நண்டு, முருங்கை இலை போட்டு, கடைசியில் மிளகும் உள்ளியும் இடித்துப் போட்ட கறி. உறைப்பு என்றால் காது சூடாகிற உறைப்பு. இந்த உறைப்பு ஒரு ருசி அல்ல. மிளகாயில் இருக்கிற காப்சைசின் வாயில் சூட்டை உணர்கிற நரம்பைத் தட்டி எழுப்பிவிடுகிறது, வாய் சுட்டுவிட்டது என்று மூளை நம்பிவிடுகிறது. அற்ககோலும் அதே நரம்பைத்தான் தூண்டும். அதனால்தான் பதினாலரை சதவீதச் சிவப்பு வைனை உறைப்புக் கறியோடு குடித்தால் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றியது போல ஆகிறது. சிவப்பு வைனின் துவர்ப்பு வேறு வாயை உலர்த்தி எரிவைக் கூட்டும். விஸ்கி நாற்பது சதவீதம் என்பதை இங்கே நான் சொல்லப் போவதில்லை.

ஆர்வினிலும் அற்ககோல் குறைவில்லை, பதின்மூன்றைத் தாண்டும். ஆனால் அதன் புளிப்பு கூர்மையானது, குளிரக் குளிரக் குடிப்பது, அந்த உப்பு வேறு நண்டின் இனிப்பைத் தூக்கிவிடுகிறது. உறைப்பு அடங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் நாக்கு கழுவிவிட்டது போல ஆகி அடுத்த நண்டுக் காலை உடைக்கத் தோன்றியது. புரோவான் போத்தல் வட்டமாக, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி இருந்தது. ஃபுய்யி வீட்டுப் போத்தல் 2021 ஆம் ஆண்டினது. அந்த வருடம் உறைபனியும் மழையும் பூஞ்சணமும் சேர்ந்து அடித்து, 1957 க்குப் பிறகு மிகக் குறைந்த அறுவடை என்று கணக்கெடுத்த வருடம். வெயில் குறைந்ததால் புளிப்பு பிடிவாதமாக நிற்கிறது. சும்மா குடித்தால் பல் கூசும். நண்டோடு அதுதான் வென்றது. புளி விட்ட குழம்புக்கும் இதையே சிபாரிசு செய்வேன். இருபதில் இருந்து முப்பது பிராங்குக்குள் கிடைக்கும், நான் அறிந்த மட்டில் எங்கள் சாப்பாட்டுக்கு இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான வைன் இல்லை.

பொரித்த மீனுக்கு மட்டும் வேறொன்று: சூரிச் ஏரிக்கரையின் ரொய்ஷ்லிங் என்ற வெள்ளை வைன். ஸ்டேஃபா பக்கம் போனால் கிடைக்கும். தேசிக்காய் பிழிய மறந்தால் இதை ஊற்றிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் கூர்மை. அண்ணைக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

அப்புறம் தேனீ வைன். வலேயின் வெத்ரோ ஊரில் அமீஞ் என்று ஒரு வெள்ளைத் திராட்சை உண்டு, உலகத்தில் இருக்கிற அமீஞ் கொடியில் பெரும்பகுதி இந்த ஒரு ஊரைச் சுற்றித்தான் நிற்கிறது. சில வருடம் இனிப்பாகவும் சில வருடம் இனிப்பில்லாமலும் வருவதால் வாங்குகிறவர் குழம்பக் கூடாது என்று லேபிளில் தேனீ போடுகிறார்கள். ஒரு தேனீ என்றால் லீற்றருக்கு எட்டுக் கிராம் சர்க்கரைவரை, இரண்டு என்றால் இருபத்தைந்துவரை, மூன்று என்றால் அதற்கும் மேல். எல்லா நாட்டு வைன்காரரும் இந்த மாதிரி ஒரு ஏற்பாடு செய்தால் எவ்வளவு நல்லது. நாங்கள் இரண்டு தேனீப் போத்தலைத் திறந்தது ஆட்டிறைச்சிக் கொத்துக்கு. கொத்து ரொட்டிக்கு ஒரு வைன் உண்டு என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் தோடம்பழத் தோலும் தேனும் கலந்த அந்தக் கொஞ்ச இனிப்பு பச்சை மிளகாயை நேராகப் பிடித்து அமத்திவிடுகிறது. இனிப்பு உறைப்பைக் குறைக்கும் என்பது கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைன் வேண்டாம் என்று பியரோடு உட்கார்ந்திருந்த மச்சான் ஒருவர் அன்றைக்குக் கிளாஸை நீட்டினார். முதலும் கடைசியுமாக.

ஹைடா என்ற வலேயின் இன்னொரு வெள்ளை வைனைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்போடு போனோம். விஸ்பர்டெர்மினென் ஊரின் தோட்டம் கடல் மட்டத்தில் இருந்து 1,100 மீற்றருக்கும் மேலே ஏறுகிறது, ஐரோப்பாவின் மிக உயரமான தோட்டங்களில் ஒன்று என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதை மாதிரி வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் போக வேண்டும். அந்த ஊர்க் கூட்டுறவான சங்க்ட் ஜோடர்ன் செய்த போத்தல் நல்ல வைன்தான்: பழுத்த அன்னாசி, தேன், கொஞ்சம் கொட்டைப் பருப்பு, அதற்குள்ளே குளிர்ந்த புளிப்பு. தனியாகக் குடிக்க அருமை. ஆனால் கோழிக் கறி வந்ததும் இரண்டும் ஒன்றின் குரலை ஒன்று அமத்தப் பார்த்தன. கறித்தூளில் வறுத்த பெருஞ்சீரகமும் மல்லியும் ஏற்கெனவே நிறையப் பேசுகின்றன, அதற்கு மேல் இவ்வளவு மணமுள்ள வைன் வேண்டியதில்லை. வாங்குங்கள், ஆனால் மிக்சரும் கச்சானும் போதும்.

சிவப்பில் எங்களுக்கு அதிர்ஷ்டம் குறைவு. டிச்சினோ மாநிலத்தில் மெர்லோ என்ற சிவப்புத் திராட்சையில் செய்த வைன் ஒன்று, மரப்பீப்பாவில் நீண்ட நாள் கிடந்தது, நாற்பது பிராங்குக்கு மேல், பரிசாக வந்தது. ஆட்டிறைச்சிக் கறி, பிட்டு. இரண்டு வாய்க்குப் பிறகு அக்கா கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "கதிரைக் காலைச் சப்பின மாதிரி இருக்கு" என்றார். தனியாகக் குடித்தபோது வனிலா, கறுத்தப் பழம் என்று மரியாதையாகத்தான் இருந்தது. கறி வந்ததும் மரமும் துவர்ப்பும் மட்டும் மிஞ்சியது. டிச்சினோவில் மெர்லோ வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது, அந்த ஊரின் கல் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் குவளையில் ஊற்றித் தருகிற சாதாரண மெர்லோ இதைவிட எங்கள் கறிக்கு நெருக்கம் என்று உறுதியாகச் சொல்வேன். அதே சிவப்புத் திராட்சையைப் பிழிந்து தோலை உடனே பிரித்துச் செய்கிற வெள்ளை மெர்லோவையும் குடித்தோம். ஒரு குறையும் இல்லை, ஞாபகமும் இல்லை.

டோல் என்கிற, பினோ நுவார், கமே என்ற இரண்டு சிவப்புத் திராட்சைகளின் வலேக் கலவையை எல்லோரும் மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவார்கள். நான் ரெஸ்ரோரண்டில் நின்ற காலத்தில் இதை டெசி (டெசிலீற்றர்) கணக்கில் வாங்கிக் குடிக்கிற கிழவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு பிராங்குப் போத்தலை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்போடு ஊற்றினேன். துவர்ப்பு இல்லை, சின்னச் சிவப்புப் பழங்களின் மணம், லேசான மிளகு. குழம்பும் குலையவில்லை, வைனும் குலையவில்லை. வாரநாளில் வேலை முடிந்து வந்து குடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆட்டிறைச்சிக்கு விடை கிடைத்தது உமாஞ் ரூஜ் என்ற சிவப்பு வைனில். இதுவும் வலேதான். பெயரைப் பார்த்து வெள்ளை உமாஞுக்கு உறவு என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு திராட்சை. இலையுதிர்காலத்தில் மான், பன்றி என்று காட்டு இறைச்சி சாப்பிடுகிற பருவத்தில் சுவிஸ்காரர் தேடிக் குடிப்பது இதை. ஊதாப் பூ, ஈரக் காட்டு மண், மரப்பட்டை, கொஞ்சம் புகை. துவர்ப்பு உண்டு, ஆனால் கடிக்காது. கறுக்க வறுத்த தூளில் எலும்போடு வைத்த பங்குக் கறிக்கு இது சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்தது. உறைப்பை ஒரு பிடி குறைத்து வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அண்ணையின் குசினியில் அதைக் கேட்க யாருக்கும் துணிவில்லை. பிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குடியுங்கள். எங்கள் வீடுகளில் ஹீட்டர் போட்டு இருபத்திநாலு பாகையில் இருக்கிறோம், சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடி என்று சொன்னவர்கள் கல் வீட்டில் குளிரில் இருந்தவர்கள்.

கொர்னலான் பற்றிச் சொல்ல இரண்டு போத்தல் இருக்க வேண்டியது, ஒன்றுதான் இருக்கிறது. அழிந்துபோகும் நிலையில் இருந்து 1970களில் மீண்டு வந்த பழைய வலேத் திராட்சை, கறுத்த செர்ரி, கராம்பு, நல்ல சாறு. நாங்கள் வாங்கிய மற்றப் போத்தலைத் திறந்ததும் நனைந்த காட்போட் பெட்டி மணத்தது. தக்கையில் உண்டாகிற டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை. உடம்புக்குக் கேடில்லை, வைனின் பழ மணத்தை முழுசாகத் தின்றுவிடும். தக்கையை மூடித் திருப்பிக் கொண்டுபோனால் கடையில் நின்றவர் மணந்து பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் மணக்கவில்லை, உங்கள் சாப்பாட்டின் மணமாக இருக்கலாம் என்றார். நான் குசினியில் தக்கை மணம் பிடித்த எத்தனை போத்தலைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும். உள்ளே இருந்து வந்த மேலாளர் அம்மா ஒரே மணத்தில் முகத்தைச் சுளித்துக் காசைத் திருப்பித் தந்தார். இதற்காகவே ஷஸ்லாக்காரரை மெச்ச வேண்டும். திருகு மூடியை இந்த நாட்டில் 1970களிலேயே போடத் தொடங்கிவிட்டார்கள். மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைப்பது வீண்.

கிரவ்புண்டன் மாநிலத்தின் பினோ நுவாரையும் விட்டுவிடக் கூடாது என்று மையன்ஃபெல்ட் போத்தல் ஒன்றைக் கடைசியாகத் திறந்தோம். ஃபோன் என்கிற சூடான மலைக்காற்று திராட்சையைப் பழுக்கவைக்கிற பகுதி அது. மெல்லிய, அழகான வைன். மாதுளை, ரோஜா, பட்டுப் போன்ற துவர்ப்பு. கறி மேசையில் இருந்து எல்லாவற்றையும் எடுத்த பிறகு, பல்லும் துலக்கிய பிறகு குடிக்க வேண்டியது. முப்பத்தைந்து பிராங்கு. என் காசில் வாங்க மாட்டேன், யாராவது தந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். மிக்ரோ சூப்பர்மார்க்கெட்டில் தேடாதீர்கள், அங்கே அற்ககோலே விற்பதில்லை. 2022 இல் அங்கத்தவரிடம் வாக்கெடுப்பு வைத்து, பத்துப் பிராந்தியக் கூட்டுறவிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதே மிக்ரோவுக்குச் சொந்தமான டென்னரில் தாராளமாக விற்கும், இது சுவிஸ் நியாயம். டென்னர், கோப் இரண்டிலும் டோலும் சாதாரண ஷஸ்லாவும் நல்லதாகவே கிடைக்கும். ஆர்வின், அமீஞ், உமாஞ் என்றால் நேராகத் தயாரிப்பாளரிடம் போவது மேல். ஆறு போத்தல் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கே அனுப்புவார்கள். அதைவிட மேல், திறந்த நிலவறை நாட்கள். வலேயில் மே, ஜூன் பக்கம் வருகிற இயேசு விண்ணேற்ற விடுமுறையை ஒட்டி, லவோ இருக்கிற வோ மாநிலத்தில் பெந்தகோஸ்தே வார இறுதியில். ஒரு கிளாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ருசி பார்க்கலாம், தயாரித்தவரே நின்று ஊற்றுவார். தமிழர்களைக் கண்டால் முதலில் இனிப்பு வைனைத்தான் எடுப்பார்கள், வேண்டாம், ஆர்வின் தாருங்கள் என்று சொல்லுங்கள், முகம் மாறும்.

இந்த முறை வெத்ரோவுக்கும் ஃபுய்யிக்கும் போவதாக முடிவு. வண்டி ஓட்டினால் இரத்தத்தில் அற்ககோல் 0.5 புரோமில், அதாவது ஆயிரத்துக்கு அரைப் பங்குதான் எல்லை, அதற்கு மேல் போனால் அபராதம், இன்னும் ஏறினால் சாரதிப் பத்திரமும் போகும், ஆகவே ரயில்தான். அக்கா நண்டு வடை சுட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், மூன்று தேனீப் போத்தலை அதோடு பார்க்க வேண்டுமாம். பியர் மச்சானும் வருகிறார், பெட்டி தூக்க.